ஆறாம் வகுப்பு வரை சாதி காத்திருப்பதில்லை

தமிழ்நாடு அரசின் பாடநூல் எதைப் புரட்டினாலும் தொடக்கப் பக்கங்களுக்குள் தீண்டாமைக்கு எதிரான ஒரு வாசகம் இருக்கும். நம்மில் மூத்த தோழர்கள் படித்த காலத்தில் அது மூன்று வரி. தீண்டாமை பாவம், பெருங்குற்றம், மனிதத்தன்மை இல்லாத செயல் என்று சொன்ன வரிகள் அவை. 2018 முதல் வந்த புதிய புத்தகங்களில் பாவத்தை எடுத்துவிட்டார்கள். மனிதநேயத்துக்கு எதிரானது, பெருங்குற்றம் என்று ஒரே வாக்கியமாகச் சுருக்கிவிட்டார்கள். பாவம் போனதில் நமக்கு வருத்தமில்லை. பாவத்துக்குக் கோயிலில் பரிகாரம் உண்டு. குற்றத்துக்குத்தான் வழக்கும் தண்டனையும் உண்டு.

நம் கேள்வி வேறு. இந்த வாசகத்தை எல்லாப் பிள்ளைகளின் கையிலும் கொடுக்கிறோம். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒரு பிள்ளை அதைப் படித்துவிட்டு, "தீண்டாமைன்னா என்ன டீச்சர்?" என்று கேட்டால், அதற்குப் பதில் சொல்லும் பாடம் எந்த வகுப்பில் இருக்கிறது?

ஆறாம் வகுப்பில் இருக்கிறது. சமூக அறிவியல் புத்தகத்தின் குடிமையியல் பகுதியில் 'சமத்துவம் பெறுதல்' என்று ஒரு பாடம். பாகுபாடு என்றால் என்ன, சாதி எப்படி மனிதர்களைப் பிரிக்கிறது என்பதெல்லாம் அங்கேதான் முறையாகப் பேசப்படுகிறது. தேவையான பாடம். அதை வைக்கப் போராடியவர்களுக்கும் எழுதிய ஆசிரியர்களுக்கும் நன்றி சொல்ல வேண்டும். ஆனால் அந்தப் பக்கத்துக்கு வரும்போது பிள்ளைக்குப் பதினொரு வயது. அதற்கு முன்பே ஐந்து வகுப்புகள் முடிந்துவிட்டன. முதல் இரண்டு வகுப்புகளில் தமிழ், ஆங்கிலம், கணக்கு, சூழ்நிலையியல். மூன்றிலிருந்து அறிவியலும் சமூக அறிவியலும் தனித்தனியாக. இத்தனை பாடங்களில், இத்தனை பாடவேளைகளில், அட்டைக்குப் பின்னால் அச்சிட்ட அந்த ஒரு வாக்கியத்துக்கு விளக்கம் சொல்ல இடம் கிடைக்கவில்லை என்றால் அதைப் பற்றி நாம் பேசித்தான் ஆக வேண்டும்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுவோம். தொடக்கப்பள்ளியின் முதல் வேலை எழுதப் படிக்கக் கற்றுத்தருவது. இதில் நமக்குச் சந்தேகமே இல்லை. அரசுத் தொடக்கப்பள்ளியை நம்பியிருப்பது பெரும்பாலும் நம் தெருப் பிள்ளைகள்தான். ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளைக்கு ஒரு பத்தியைத் தடுமாறாமல் படிக்கத் தெரியவில்லை என்றால், அந்த அநீதியின் பாரம் முதலில் நம் வீட்டில்தான் இறங்குகிறது. கொரோனா கால இழப்புக்குப் பிறகு 2022-இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளின் நிலையைப் பார்த்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அந்தத் திட்டம் ஒழுங்காக நடக்கிறதா என்று கேட்பதும் சாதி ஒழிப்பு வேலைதான். பொதுப்பாடத்திட்டத்துக்காக நடந்த போராட்டமும் அப்படித்தான். 2010-இல் சமச்சீர் கல்விச் சட்டம் வந்து, அடுத்த ஆண்டே அதை நிறுத்திவைக்க முயன்றபோது, உச்ச நீதிமன்றம் வரை போய் 2011 ஆகஸ்டில் தீர்ப்பு வாங்க வேண்டியிருந்தது. பணக்காரப் பள்ளிக்கு ஒரு புத்தகம், ஏழைப் பள்ளிக்கு ஒரு புத்தகம் என்ற ஏற்பாட்டை உடைத்த வெற்றி அது.

ஆனால் ஒரே புத்தகம் என்பதோடு வேலை முடிந்துவிடவில்லை. அந்தப் புத்தகத்துக்குள் யாருடைய வாழ்க்கை இருக்கிறது என்பது அடுத்த கேள்வி.

ஒவ்வொரு வகுப்புக்கும் ஒவ்வொரு பாடத்துக்கும் 'கற்றல் விளைவுகள்' என்று ஒரு பட்டியல் உண்டு. இந்த வயதில் இந்தப் பிள்ளைக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்ற பட்டியல். சாதியும் அப்படி ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அதை யாரும் அச்சடிப்பதில்லை. ஆனால் பிசகாமல் நடத்தி முடிக்கிறார்கள்.

2022 செப்டம்பரில் தென்காசி மாவட்டம் பாஞ்சாகுளத்தில் என்ன நடந்தது என்று நினைவிருக்கும். தின்பண்டம் வாங்க வந்த தலித் குழந்தைகளிடம், ஊரில் கட்டுப்பாடு போட்டிருக்கிறோம், உங்களுக்குப் பண்டம் தர முடியாது, வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்று கடைக்காரர் திருப்பி அனுப்பினார். அதைக் காணொலியாகவும் எடுத்துப் பரப்பினார்கள். அதில் ஒரு குழந்தை, என்ன கட்டுப்பாடு என்று திருப்பிக் கேட்கிறது. கடைக்குச் சீல் வைத்தார்கள், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் போட்டார்கள், கைது செய்தார்கள். எல்லாம் சரி. அந்தக் குழந்தையின் கேள்விக்கு வகுப்பறையில் யாராவது பதில் சொன்னார்களா? சொல்ல வேண்டும் என்று நினைத்த ஆசிரியருக்குக் கைகொடுக்க, அந்த வகுப்புப் புத்தகத்தில் ஒரு பக்கமாவது இருந்ததா?

2018-இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையத்தில், பட்டியல் சாதிப் பெண் ஒருவர் அரசுப் பள்ளியில் சமைக்கக்கூடாது என்று ஆதிக்க சாதியினர் பிரச்சினை செய்தார்கள். 2023-இல் கரூர் மாவட்டம் வேலஞ்செட்டியூரில் காலை உணவுத் திட்டத்திலும் அதே கதை. தலித் பெண் சமைத்தால் எங்கள் பிள்ளை சாப்பிடாது என்று பெற்றோர் சொல்ல, மாவட்ட ஆட்சியரே பள்ளிக்குப் போக வேண்டியதாயிற்று. காலை உணவுத் திட்டம் யாருக்கானது? ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு. அந்தத் தட்டைத் தள்ளிவைக்கச் சொல்லி வீட்டில் பாடம் எடுக்கப்பட்டபோது அந்தப் பிள்ளைகளின் வயது என்ன என்று யோசித்துப் பாருங்கள்.

அதே 2022-இல் ஈரோடு மாவட்டத்தில் ஒரு தொடக்கப்பள்ளியில் பட்டியல் சாதி மாணவர்களைக் கழிவறை கழுவ வைத்ததாகத் தலைமை ஆசிரியர் கைது செய்யப்பட்டார். சுத்தம் சுகாதாரம் பற்றிப் புத்தகத்தில் படித்த அதே பள்ளியில், சுத்தம் செய்வது யாருடைய வேலை என்பதையும் பிள்ளைகள் படித்துக்கொண்டார்கள். நம் பிள்ளைகள் மட்டும் படிக்கவில்லை. வாளியைத் தூக்கத் தேவையில்லாத பிள்ளைகளும் சேர்ந்துதான் படித்தார்கள்.

கடை, தட்டு, கழிவறை என்று மூன்று இடங்களிலும் கற்றுக்கொண்டவர்கள் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள். பாடநூல் மௌனமாக இருக்கிற காலத்தில்தான் சாதி தன் பாடத்தை நடத்தி முடித்துவிடுகிறது. ஆறாம் வகுப்பில் சமத்துவம் என்ற சொல்லைப் பார்க்கும்போது, தெரு தெரியும், கயிற்றின் நிறம் தெரியும், யார் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்கலாம் என்பதும் தெரியும். அதற்குப் பிறகு வரும் பாடம் தேர்வுக்கு எழுதும் ஐந்து மதிப்பெண் கேள்வியாக ஆகிவிடுவதில் என்ன ஆச்சரியம்?

இதற்காகத் தனியாக ஒரு 'சாதி பாடம்' வைக்கச் சொல்லவில்லை. இருக்கிற பாடங்களிலேயே இடம் இருக்கிறது. பாடம் பாடமாகப் பார்ப்போம்.

சமூக அறிவியலை எடுத்துக்கொள்ளுங்கள். நான்காம் வகுப்பில் மூவேந்தர்கள் வருகிறார்கள். ஐவகை நிலம் வருகிறது. நகராட்சி, மாநகராட்சி வருகிறது. நகராட்சி என்ன செய்யும்? குடிநீர் தரும், தெருவிளக்குப் போடும், குப்பை அள்ளும், சாக்கடையைச் சுத்தம் செய்யும். வாக்கியத்தில் எழுவாய் நகராட்சி. ஆனால் நகராட்சியா குனிந்து குப்பை அள்ளுகிறது? அள்ளுகிறவர் நம் தெருவில் இருக்கிறார். அவர் ஏன் பெரும்பாலும் ஒரே சில சாதிகளிலிருந்து வருகிறார் என்று ஒன்பது வயதுப் பிள்ளை கேட்கக்கூடிய கேள்வியைப் பாடத்தின் கடைசியில் வைக்கலாம். மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடைசெய்து 2013-இல் சட்டம் வந்திருக்கிறது என்று ஒரு வரி சேர்க்கலாம். கழிவுநீர்த் தொட்டியில் இறந்தவர்களின் குடும்பத்துக்கு 30 லட்சம் இழப்பீடு தர வேண்டும் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருக்கிற நாட்டில், இந்த ஒரு வரி அதிகப்படி ஆகாது.

ஊராட்சி பற்றிச் சொல்லும்போது, தலைவர் பதவியில் சில இடங்கள் பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் ஏன் ஒதுக்கப்படுகின்றன என்று சொல்லலாம். பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் பத்தாண்டுகள் தலைவர் நாற்காலி காலியாகவே இருந்தது. 2006-இல்தான் முறையான தேர்தல் நடந்தது. தேர்தல் என்றால் என்ன என்பதை இதைவிடத் தெளிவாக விளக்கும் கதை உண்டா? மேலவளவு முருகேசனைப் பற்றிச் சிறு பிள்ளைகளிடம் ரத்தத்தோடு பேச வேண்டியதில்லை. அவர் தேர்தலில் வென்றார், நாற்காலியில் உட்காரச் சிலர் விடவில்லை என்ற அளவுக்குப் புரிந்துகொள்ள ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு அறிவு இருக்கிறது.

பள்ளிக்கூடத்தின் கதையையே ஒரு பாடமாக வைக்கலாம். யார் உள்ளே வரலாம், யார் வரக்கூடாது என்று இருந்த காலத்தில், 1848-இல் புனேயில் சாவித்திரிபாய் பூலேவும் ஜோதிராவும் பெண்களுக்குப் பள்ளி தொடங்கினார்கள். 1894-இல் அடையாறில் ஆல்காட் நம் மக்களின் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி தொடங்கினார். சிறுவன் அம்பேத்கர் வகுப்பில் தனியே கோணிப்பையில் உட்கார்ந்தார். ப்யூன் வந்து ஊற்றினால்தான் அவருக்குத் தண்ணீர், ப்யூன் வராத நாளில் தாகம்தான். சட்டை போட்டு, பெஞ்சில் உட்கார்ந்து, குழாயில் தண்ணீர் குடிக்கிற பிள்ளைக்கு இந்தக் கதை தெரிந்தால், தான் உட்கார்ந்திருக்கும் இடம் தானாக வந்ததில்லை என்பது தெரியும்.

அடுத்து தமிழ். பொதுச்சாலையிலும் பொதுக்கிணற்றிலும் எல்லோருக்கும் உரிமை உண்டு என்ற தீர்மானத்தை 1924-இல் சென்னைச் சட்டசபையில் கொண்டுவந்தவர் இரட்டைமலை சீனிவாசன். எம்.சி. ராஜா பள்ளி ஆசிரியர், பாடப்புத்தகங்களும் எழுதியவர். அயோத்திதாசர் 1907-இல் வாரப் பத்திரிகை தொடங்கி நடத்தியவர். இவர்கள் 'தலித் தலைவர்கள்' என்ற தனிப் பெட்டிக்குள் இருக்க வேண்டியவர்கள் இல்லை. தமிழில் எழுதியவர்கள், தமிழ்நாட்டின் பொது வாழ்க்கையை மாற்றியவர்கள். நான்காம், ஐந்தாம் வகுப்பு உரைநடைப் பாடங்களில் அவர்களுக்கு உரிய இடம் வேண்டும். அதோடு, நம் பிள்ளை வீட்டில் பேசும் தமிழைக் 'கொச்சை' என்று சொல்லித் திருத்துகிற பழக்கமும் போக வேண்டும். எழுத்துத் தமிழைக் கற்றுக்கொடுங்கள். அதற்காக அம்மா பேசும் தமிழைக் கேவலப்படுத்தாதீர்கள்.

அறிவியலும் சூழ்நிலையியலும் இன்னும் எளிது. நல்ல தண்ணீர், கெட்ட தண்ணீர் என்று பாடம் இருக்கிறது. தண்ணீர் எல்லாத் தெருவுக்கும் ஒரே மாதிரி வருகிறதா என்ற கேள்வி அதன் பக்கத்திலேயே இருக்க வேண்டியது. 2022 டிசம்பரில் வேங்கைவயலில் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரியவந்தது குழந்தைகளுக்கு உடம்பு சரியில்லாமல் போன பிறகுதான். உணவுப் பாடத்தில் காய்கறி, பழம், பால், முட்டை, மீன் எல்லாம் வரிசையாக வரும். மாட்டுக்கறியைச் சத்துள்ள உணவாகச் சொல்லும் தொடக்கநிலைப் பாடம் ஒன்றை நாம் பார்த்ததில்லை. வீட்டில் ஞாயிற்றுக்கிழமை ஆசையாகச் சாப்பிட்டதைத் திங்கட்கிழமை வகுப்பில் சொல்லக் கூசுகிற பிள்ளை எந்த அறிவியலைக் கற்றுக்கொள்கிறது? ரத்தத்துக்குச் சாதி இல்லை, தொட்டால் எதுவும் ஒட்டாது என்பது உயிரியல் உண்மை. ஐந்து வரியில் சொல்லிவிடலாம்.

கணக்கில் என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். அளவைகள் பாடத்தில் பிள்ளைகள் தூரத்தை அளக்கிறார்கள். ரேஷன் கடைக்கும், பள்ளிக்கும், பேருந்து நிறுத்தத்துக்கும் ஒவ்வொரு தெருவிலிருந்தும் எவ்வளவு தூரம் என்று அளந்து பட்டியல் போடச் சொல்லுங்கள். காலனி ஊருக்கு வெளியே இருப்பதை அந்தப் பட்டியலே சொல்லிவிடும். ஐந்தாம் வகுப்பில் லட்சங்களை எண்ணக் கற்கிறார்கள். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் நம் மக்களுக்கென்று ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம் ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படுகிறது. பெரிய எண்ணுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமா?

இங்கே ஒரு எதிர்ப்பு வரும். "பிஞ்சு மனசில் சாதியை விதைக்கலாமா? குழந்தைகளுக்குச் சாதியே தெரியாது, நீங்கள்தான் சொல்லிக்கொடுக்கிறீர்கள்." நல்ல எண்ணத்தோடு இதைச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நம் பதில் இரண்டு.

முதலாவது, சாதி தெரியாமல் வளரும் வசதி எல்லாக் குழந்தைக்கும் கிடைப்பதில்லை. பாஞ்சாகுளத்துக் குழந்தைக்கு அந்த வசதி கிடைக்கவில்லை. சாதி தெரியாது என்று நீங்கள் சொல்லும் உங்கள் வீட்டுக் குழந்தைக்கும் அது வேறு பெயரில் தெரிந்தே இருக்கிறது: "அந்தத் தெருப் பசங்களோட சேராதே" என்ற பெயரில். இந்தப் பாடம் நம் பிள்ளைகளைவிட அந்தப் பிள்ளைக்கே அதிகம் தேவை.

இரண்டாவது, இதை ஏற்கெனவே செய்துகாட்டியிருக்கிறார்கள். 2005 தேசியக் கலைத்திட்டத்தை ஒட்டி என்.சி.இ.ஆர்.டி. வெளியிட்ட ஐந்தாம் வகுப்புச் சூழலியல் புத்தகத்தில், சுத்தம் செய்யும் வேலையை யார் செய்வது என்றே ஒரு பாடம் இருந்தது. துப்புரவுப் பணியாளர்களின் பேச்சும், சிறுவன் அம்பேத்கருக்கு ரயில் நிலையத்தில் நேர்ந்ததும் அதில் இருந்தன. பல ஆண்டுகள் நாடு முழுக்கப் பத்து வயதுப் பிள்ளைகள் அதைப் படித்தார்கள். பெரியார் பிறந்த மண் என்று பெருமை பேசும் மாநிலத்தின் ஐந்தாம் வகுப்புக்கு அந்தத் துணிவு வரக்கூடாதா?

எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்பதில் நமக்கும் கவலை உண்டு. தீண்டாமை பாடம் நடத்தும்போது வகுப்பே திரும்பி ஒரு பிள்ளையைப் பார்க்கும் நிலை வந்தால், அந்தப் பாடம் இல்லாமல் இருப்பதே மேல். உதவித்தொகைப் படிவத்துக்காக "எஸ்.சி. பசங்க எல்லாம் எழுந்திருங்க" என்று வகுப்பில் சத்தமாகச் சொல்லும் பழக்கம் இன்னும் பல பள்ளிகளில் இருக்கிறது. அந்தப் பழக்கத்தோடு எந்தச் சமத்துவப் பாடமும் ஒட்டாது. பாடம் பாதிக்கப்பட்டவரைக் காட்டுவதில் தொடங்கக்கூடாது. தவறு செய்தவர் எது தவறு என்று உணர்வதில் தொடங்க வேண்டும். எந்தப் பிள்ளையிடமும் அதன் சாதியைக் கேட்கக்கூடாது. இதற்கு ஆசிரியர்களுக்குப் பயிற்சி வேண்டும். ஆசிரியர் கல்விப் பட்டயப் படிப்பிலேயே அது தொடங்க வேண்டும்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 29-ஆவது பிரிவு, தொடக்கக் கல்வியின் கலைத்திட்டம் அரசியலமைப்பின் விழுமியங்களுக்கு ஏற்ப இருக்க வேண்டும் என்கிறது. பிள்ளை அச்சமில்லாமல் கற்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. தீண்டாமையை ஒழித்த 17-ஆவது உறுப்பு அரசியலமைப்பில்தானே இருக்கிறது? சலுகை எதையும் கேட்கவில்லை. சட்டத்தில் இருப்பதைப் புத்தகத்தில் வைக்கச் சொல்கிறோம்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரையும் அவருடைய தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் அவரோடு படித்த மாணவர்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அரசிடம் அறிக்கை கொடுத்தது. பள்ளிப் பெயர்களில் உள்ள சாதியை நீக்குவது, கையில் கட்டும் சாதிக் கயிறுகளைத் தடுப்பது என்று பல பரிந்துரைகள் அதில் உண்டு. அவற்றை நிறைவேற்றச் சொல்லி நாம் தொடர்ந்து கேட்க வேண்டும். கூடவே இதையும் கேட்க வேண்டும்: பதினேழு வயதில் அரிவாளைத் தூக்கும் கை, ஏழு வயதில் எதைக் கற்றுக்கொண்டது? கயிற்றை அறுப்பது மேல்நிலைப் பள்ளியின் வேலை என்றால், கயிறு கட்டும் ஆசையே வராமல் பார்த்துக்கொள்வது தொடக்கப்பள்ளியின் வேலை.

தோழர்களே, மாணவர்களே, இதில் உங்களுக்கு நேரடியான வேலை இருக்கிறது. ஒன்று முதல் ஐந்து வரையுள்ள பாடநூல்கள் எல்லாம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. நான்கைந்து பேர் சேர்ந்து ஆளுக்கு ஒரு வகுப்பாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பாடத்திலும் யார் வருகிறார்கள், என்ன வேலை செய்கிறார்கள், எந்த வீட்டில் இருக்கிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள், யார் வரவே இல்லை என்று குறித்து வையுங்கள். பக்க எண்ணோடு எழுதுங்கள். கோபத்தை மட்டும் அனுப்பினால் கோப்பில் போட்டுவிடுவார்கள். பக்க எண்ணோடு அனுப்பினால் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அதை மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அனுப்புங்கள். உங்கள் ஊர்ப் பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோருக்குத்தான் பெரும்பான்மை இடம். நம் தெரு அம்மாக்கள் அதில் இருக்கிறார்களா, கூட்டத்தில் பேசுகிறார்களா என்று பாருங்கள். மாலை நேரப் படிப்பகம் நடத்துகிறவர்கள், அரசு மாற்றும் வரை காத்திருக்க வேண்டாம். நகராட்சிப் பாடத்தை நடத்தும்போது கடைசியில் அந்த ஒரு கேள்வியை நீங்களே சேர்த்துக் கேளுங்கள்.

புத்தகம் அடுத்த முறை திருத்தப்படும்போது நம் பட்டியல் மேசையில் இருக்க வேண்டும். ஒன்றாம் வகுப்பில் சேரும் பிள்ளை அந்தப் பக்கத்தில் உள்ள வாக்கியத்தின் பொருளை ஐந்தாம் வகுப்பு முடிப்பதற்குள் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தப் பொருளைக் கடைக்காரரும் பக்கத்துத் தெருவும் தங்கள் வழியில் சொல்லிக்கொடுப்பதற்கு முன்னால், ஒரு நல்ல ஆசிரியர் வாயால் அது அவர்களுக்குப் போய்ச் சேர வேண்டும். இப்போதைக்கு நாம் கேட்பது அவ்வளவுதான்.